வேலி எங்கே போடலாம்?

நீங்களும் நாலு நண்பர்களும் சேர்ந்து ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் ஆரம்பிக்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். மேப் என்ன போடலாம்? 'நம்ம ஏரியாவையே கட்டிடலாம் மச்சி!' என்று ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... மூணும் உள்ளே வரணும். எல்லாரும் ஓகே. அடுத்த கேள்வியில்தான் குரூப் கப்சிப் ஆகும். மேப் எவ்வளவு பெருசு? வேலியை எங்கே போடுறது?

என்னடா இது, பெட்டி வரையுறதெல்லாம் ஒரு மேட்டரா என்று நினைக்காதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூ மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. கலங்கரை விளக்கத்தில் ஆரம்பிச்சு ரங்கநாதன் தெரு வரை ஒரு நடை, அப்புறம் ஆத்தைத் தாண்டி ஒரு நடை. சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய மேட்டர் என்று உங்களுக்கே புரியும்.

வேலி இல்லாத ஊர்

முதல்ல, வேலி எதுக்கு? மைன்கிராஃப்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். நீங்க எதையும் மாத்தாமல் விட்டால், கேம் தானாகவே கொடுக்கிற எல்லை ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 6 கோடி பிளாக். அதாவது 60,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,075 கிலோமீட்டர்தான் பாஸ்! மொத்தப் பரப்பைக் கணக்குப் போட்டால் பூமியைப் போல ஏழு மடங்கு வரும். அஞ்சு பேருக்கு ஏழு பூமி. ஆளுக்கு ஒன்று போக, ரெண்டு வாடகைக்கு விடலாம்.

இவ்வளவு இடத்தையும் சர்வர் முதல் நாளே உருவாக்கி வைப்பதில்லை. நீங்க நடக்க நடக்க, எதிரே இருக்கிற நிலத்தை 16-க்கு 16 பிளாக் துண்டாகச் செய்துகொண்டே வரும். அந்தத் துண்டுக்குப் பேர் சங்க். ஒருமுறை செய்த சங்க்கை டிஸ்க்கில் எழுதி வெச்சுக்கும். நீங்க சும்மா பறந்து போய் ஒரு மலையைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தாலும், போன வழி பூரா ஃபைலாக உட்கார்ந்திருக்கும். நீங்க மறுபடி அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டீங்க. ஆனா, டிஸ்க் அதை மறக்காது.

எங்க ஹாஸ்டலில் ஒரு செட் இப்படித்தான் வேலியே இல்லாமல் சர்வர் நடத்தினாங்க. முதல் வாரம் 12 பேரும் ஒரே கிராமத்தில் கும்மாளம். நாலாவது வாரம், ஒருத்தன் வடக்கே பனிமலையில் வீடு கட்டுறான், இன்னொருத்தன் தெற்கே பாலைவனத்தில் பிரமிடு கட்டுறான். ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் நடந்து போகவே அரை மணி நேரம். யாரும் யாரையும் பார்க்கலை. டிஸ்க் நிறையறதுக்கு முன்னாடியே சர்வர் காலியாயிடுச்சு. இடம் பத்தாமல் செத்த சர்வர்களைவிட, இடம் அதிகமாகிச் செத்த சர்வர்கள்தான் அதிகம் என்பது என் கட்சி.

பப்ஜி ஆடினவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். எராங்கல் மேப் 8-க்கு 8 கிலோமீட்டர். சான்ஹாக் 4-க்கு 4. எராங்கலில் இறங்கி, பொறுக்கி, ஓடி, ஒரு ஆளைப் பார்க்கவே பத்து நிமிஷம் ஆகும். சான்ஹாக்கில் இறங்கும்போதே அடி விழும். கலங்கரை விளக்கத்திலிருந்து மேற்கே 8 கிலோமீட்டர் இழுத்தால் அசோக் நகரைத் தாண்டிடுவீங்க. 4 கிலோமீட்டர் இழுத்தால் பனகல் பார்க் வருவதற்கு முன்னாடியே மேப் முடிஞ்சிடும். நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கு.

கொஞ்சம் கணக்கு

பயப்படாதீங்க, எம்-த்ரீ அளவுக்குப் போகாது. 32-க்கு 32 சங்க் சேர்ந்தால் ஒரு ரீஜன். டிஸ்க்கில் ஒரு ரீஜனுக்கு ஒரு ஃபைல். ஒரு பக்கம் 512 பிளாக். அதனால் வேலியின் அளவை 512-ன் இரட்டைப்படை மடங்காக வெச்சு, நடுப்புள்ளியை பூஜ்யம், பூஜ்யத்தில் போட்டால், ஃபைல்கள் ஓரத்தில் பாதியாக வெட்டுப்படாமல் கச்சிதமாக உட்காரும்.

5,120 என்று வேலி போட்டால் 100 ஃபைல், 1,02,400 சங்க். 6,144 என்றால் 144 ஃபைல், 1,47,456 சங்க். பக்கம் ஒரு கிலோமீட்டர் கூடினதுக்கு ஃபைல் 44 கூடிடுச்சு பார்த்தீங்களா? பரப்பளவு எப்பவும் இப்படித்தான். பக்கம் ரெண்டு மடங்கானால் பில் நாலு மடங்கு வரும். ஒரு ஃபைல் 5 முதல் 10 எம்பி என்று வெச்சுக்கிட்டால், 144 ஃபைல் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். 'சமதளமாத்தானே போடப்போறோம், எடை இருக்காதே' என்று கேட்காதீங்க. வெறும் தரையும் சங்க்தான், அதையும் எழுதித்தான் வைக்கும்.

வேலி போடுறது ஒரு வரி வேலை. 'வேர்ல்டுபார்டர் செட்' என்று டைப் செய்து எண்ணைத் தட்டினால் முடிஞ்சது. 2014-ல் வந்த 1.8 வெர்ஷனிலிருந்தே இந்த வசதி இருக்கு. ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சுவர் மினுக்கும். கிட்டே போனால் திரை ஓரம் சிவக்கும். எப்படியாவது அந்தப் பக்கம் போய் மாட்டிக்கிட்டால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அப்புறம், யாரும் ஆட வருவதற்கு முன்னாடியே ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே இருக்கிற எல்லா சங்க்கையும் செய்து வெச்சுடணும். ஆள் பறக்கும்போது நிலம் செய்ய ஆரம்பிச்சால் சர்வர் திணறும்.

சரி, எண் என்ன? வாங்க, தெருவில் இறங்கலாம்.

கிழக்கு ஓரம்: மணலா, கடலா?

1977 முதல் நிற்கிற சிவப்பு-வெள்ளைக் கலங்கரை விளக்கம்தான் நம்ம கிழக்கு மூலை. மேற்கில் மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன். ரெண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அதனால் 5,120 அவுட்! விளக்கத்தை வெச்சால் ஸ்டேஷன் போச்சு, ஸ்டேஷனை வெச்சால் விளக்கம் போச்சு. 6,144 போட்டால் ரெண்டும் உள்ளே வரும். கிழக்கு வேலி மணலோடு நின்னுடும். பார்க்க அழகாக இருக்கும். கடல் காலி இடம்தானே?

இப்போ விளக்கத்திலிருந்து தெற்கே லூப் ரோட்டில் நடங்க. ஒரு பக்கம் நொச்சிக்குப்பம் வீடுகள். எதிர்ப்பக்கம் மணலில் படகுகள், காய்கிற வலைகள். காலையில் போனால் மீன் விற்பனை சூடாக இருக்கும். இப்படியே போனால் பட்டினப்பாக்கம். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம். நம்ம 6,144 வேலிக்குள் இவங்க வீடு எல்லாம் பத்திரமாக வந்துடுது. வேலை மட்டும் வெளியே!

யோசிச்சுப் பாருங்க. ஐ.டி. ஆபீஸ், காலேஜ், ஜவுளிக்கடை எல்லாம் மேப்புக்குள்ளே. மீன் பிடிக்கிற இடம் மேப்புக்கு வெளியே. உங்க சர்வரில் ஒருத்தன் நொச்சிக்குப்பத்தில் படகு கட்டி இறக்கினால், பத்து பிளாக் போறதுக்குள் திரை சிவக்கும். நமக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை சுண்டல். அவங்களுக்கு அது திங்கட்கிழமை காலை. 'காலி இடம்' என்று யார் சொல்றாங்க என்பதைப் பொறுத்துத்தான் இடம் காலியாகுது.

கூட்டம் சேர்ந்தால்...

கடற்கரையிலிருந்து உள்ளே திரும்பினால் மயிலாப்பூர். 1639-ல் கம்பெனிக்காரங்க வந்து மெட்ராஸ் ஆரம்பிக்கிறதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இது ஊர். கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 1906-ல் எழுந்தது. 120 அடி. அதாவது சுமார் 37 பிளாக். கேமின் உயர எல்லை இப்போ மொத்தம் 384 பிளாக் என்பதால் தலை இடிக்கும் கவலை இல்லை. கட்டுறவனின் கைவலிதான் கவலை.

வடக்கு மாட வீதியில் ஒரு ஃபில்டர் காபி குடிச்சுக்கிட்டே இன்னொரு கணக்கு. பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் உலா அன்னைக்கு இந்த நாலு மாட வீதியும் எப்படி இருக்கும்? தலைதான் தெரியும், தரை தெரியாது. சர்வர் பாஷையில் இதுக்குப் பேர் லேக். சர்வர் ஒரு நொடியில் 20 தடவை உலகத்தைப் புரட்டிப் பார்க்கணும். ஒரு தடவைக்கு 50 மில்லி செகண்ட். நாலே சங்க்கில் ஆட்களும் ஆடுமாடும் குவிஞ்சால் அந்த 50 போதாது. எல்லாரும் ஸ்லோமோஷனில் நடப்பாங்க. மேப் சின்னதாக இருந்தால் எல்லாம் சரியாயிடும் என்கிறவங்களுக்கு இதான் பதில். பெருசாக்கினால் டிஸ்க் அழும், சின்னதாக்கினால் பிராசஸர் அழும்.

ஆனா, ஊருக்கு இது பழக்கம். திருவிழா அன்னைக்கு வண்டிகளைத் திருப்பிவிடுவாங்க, தெருவெல்லாம் மோர்ப்பந்தல் முளைக்கும். மறுநாள் காலை மாட வீதி மறுபடி மாட வீதி. எல்லையை நகர்த்தாமலே நெரிசலை நடத்தத் தெரிஞ்ச அட்மின்கள் மயிலாப்பூர்க்காரங்க.

ஏரியைக் காணோம்!

லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகப் போனால் தி.நகர். பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்காருங்க. உங்களைச் சுற்றி இருக்கிற கூட்டத்தை மறந்துட்டு, காலுக்குக் கீழே யோசிங்க. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இது தண்ணி!

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்த ஏரி. வெள்ளைக்காரங்க லாங் டேங்க் என்று கூப்பிட்டாங்க. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில், ஊருக்கு இடம் பத்தலை என்று அதன் மாம்பலம் பகுதியை வற்றவெச்சு, மனை போட்டு, தெரு போட்டாங்க. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேரை ஊருக்கும், முதல்வராக இருந்த பனகல் அரசர் பேரைப் பூங்காவுக்கும் வெச்சாங்க. ஏரி போனாலும் பேர் போகலை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கு. போய்ப் பாருங்க, லேக்கும் இல்லை, வியூவும் இல்லை!

மேப்பைப் பெருசாக்க வழியில்லாதபோது, உள்ளே இருக்கிற 'காலி'யை நிரப்பறது ஒரு டெக்னிக். ஒரு தலைமுறைக்கு வீடு கிடைச்சது, நாட்டிலேயே பரபரப்பான கடைத்தெருக்களில் ஒன்று கிடைச்சது. நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்பு சொல்ல நான் தயாராக இல்லை. ஆனா, தண்ணிக்கு ஞாபகசக்தி உண்டு. பெருமழை பெய்தால் தி.நகர், மாம்பலம் தெருக்களில் அது பழைய அட்ரஸைத் தேடி வரும்.

சர்வரிலும் இப்படி ஒரு 'காலி' உண்டு. வேலியைச் சுருக்கினால் வெளியே இருக்கிற சங்க் தானாக அழியாது. ஆள் போக முடியாதே தவிர, ஃபைல் அப்படியே டிஸ்க்கில் இருக்கும். அதைத் தனியாக வெட்டி எடுக்கணும். எதை வெட்டுறது? ஒவ்வொரு சங்க்கும் தனக்குப் பக்கத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் இருந்தாங்க என்று ஒரு எண் எழுதி வெச்சிருக்கும். அந்த எண் குறைவாக இருந்தால் 'யாரும் வாழாத இடம்' என்று வெட்டிடலாம். சுலபம்தான். ஆனா, ஒருத்தி வந்து ரெண்டே நிமிஷத்தில் ஒரு நினைவுக்கல் வெச்சுட்டுப் போயிருந்தால்? எண் குறைவு. கல் காலி. அதனால் நல்ல அட்மின் வெட்டுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுப்பான். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு, 'யாருக்காவது அங்கே ஏதாவது இருக்கா?' என்று கேட்பான். ஏரிக்கு பேக்கப் கிடையாது.

ரங்கநாதன் தெருவைத் தாண்டி, 2023-ல் திறந்த நடைமேம்பாலத்தில் ஏறிடுங்க. பஸ் ஸ்டாண்டையும் மாம்பலம் ஸ்டேஷனையும் சேர்க்கிற 570 மீட்டர். நம்ம மேற்கு வேலி இதுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்.

ஆறு கேட்காது

இப்போ தெற்கு. பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு தாண்டினதும் ஜன்னலில் அடையாறு. அடுத்த ஸ்டேஷன் கோட்டூர்புரம். பத்து செகண்டுகூட ஆகாது, ஆத்தைக் கடந்துடுவோம். அக்கரையில், 1882-ல் வந்து குடியேறிய தியசாபிகல் சொசைட்டியின் தோப்பு. அதற்குள் ஒரு மாபெரும் ஆலமரம். அதன் நடு அடிமரம் 1989 புயலில் சாஞ்சிடுச்சு, விழுதுகள்தான் இன்னமும் மரத்தைத் தாங்கி நிற்குது. நடு போனாலும் ஓரம் தாங்கும் என்பதற்கு ஊரிலேயே நல்ல சாட்சி.

ஆத்தையே தெற்கு வேலியாக வெச்சால் என்ன என்று தோணும். மேப்பில் நீலக்கோடு, பார்க்க நச்சென்று இருக்கும். ஆனா 2015 டிசம்பர் 1 ராத்திரியை நினைச்சுப் பாருங்க. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம் மூடப்பட்டது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் ஆறு போனது. கோடு போட்டவங்களுக்குத்தான் ஆறு ஒரு ஓரம். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் அதோட வீடு. வேலியை ஆத்தின் மேல் போடாதீங்க. ஆறு முழுசாக உள்ளே இருக்கணும், ரெண்டு கரையும் தெரியணும்.

பெரிய அட்மின்

நம்ம சென்னையும் ஒரு சர்வர்தான். 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டர். அந்த வருஷம் சுற்றுவட்டார நகராட்சிகளையும் பஞ்சாயத்துகளையும் சேர்த்து 426 ஆக்கினாங்க. சதுரமாக நினைச்சால் 13 கிலோமீட்டர் பக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல் போச்சு. 2022-ல் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிச்சாங்க. எண்ணை மாத்தறது ஒரு நாள் வேலை. உள்ளே இருக்கிற சங்க்குக்கு ரோடு, குடிநீர், பாதாளச் சாக்கடை போடுறது பல வருஷ வேலை. முன்கூட்டியே செய்து வெச்சுக்காமல் வேலியை மட்டும் தள்ளினால் என்ன ஆகும் என்று, 2011-ல் சேர்ந்த ஏரியாவில் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றவங்களைக் கேளுங்க. கீபோர்டில் இருக்கிற அட்மினைவிட நல்லாச் சொல்வாங்க.

அளக்கிறதும் நம்ம ஊருக்குப் புதுசில்லை. 1802-ல் லாம்டன், பரங்கிமலைப் பக்கம் 100 அடிச் சங்கிலியை வெச்சு ஏழரை மைல் நீளத்துக்கு நிலத்தை அளந்து, அந்த ஒரு கோட்டிலிருந்து இந்தியாவையே அளக்க ஆரம்பிச்சார். டென்மார்க்கில் 2014-ல் அரசு நிறுவனமே நாடு முழுசையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் போட்டது. டைனமைட்டுக்குத் தடை போட்டவங்க, டைனமைட் ஏற்றிய தள்ளுவண்டியை மறந்துட்டாங்க. பசங்க விடுவாங்களா? ஊரின் சில பகுதிகள் டமால்! 2012-ல் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' திட்டத்தில் ஐ.நா. வாழிட அமைப்பு, பூங்காவும் தெருவும் எப்படி இருக்கணும் என்று அங்கே குடியிருக்கிறவங்களையே மைன்கிராஃப்டில் கட்டிக் காட்டச் சொல்லுது. மும்பையிலும் நடந்திருக்கு. கட்டுறவங்க கையில் மேப் இருந்தால், எது காலி என்று அவங்களே சொல்லிடுவாங்க இல்லையா?

கடைசியில் என்ன எண்?

என் ஓட்டு 7,168-க்கு. பூஜ்யத்திலிருந்து நாலு பக்கமும் 3,584. ஆர்.ஏ.புரம் பக்கம் நடுப்புள்ளி வரும். மேற்கே மாம்பலம் ஸ்டேஷன், வடக்கே ஜெமினி மேம்பாலம், தெற்கே எலியட்ஸ் பீச் எல்லாம் உள்ளே. கிழக்கே முக்கியமாக, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் கடல். மொத்தம் 196 ஃபைல், 2,00,704 சங்க். 6,144-ஐவிட 52 ஃபைல் அதிகம். அரை ஜிபி! உங்க போனில் அழிக்காமல் வெச்சிருக்கிற குட்மார்னிங் வீடியோக்களைவிடக் குறைவு. அதுக்குப் பதிலாக மூணு குப்பத்துக்குப் படகு விட இடம் கிடைக்குது.

இன்னும் ஒன்று. பனகல் பார்க்குக்குக் கீழே ரெண்டு பிளாக் தோண்டி ஒரு வரிசை நீலம் வையுங்க. மேலே தெரிய வேண்டாம். தோண்டுறவனுக்குத் தெரிஞ்சால் போதும்.

திருவான்மியூர்ப் பசங்க 'எங்க ஏரியா எங்கேடா?' என்று கண்டிப்பாகச் சண்டைக்கு வருவாங்க. வரட்டும். வேலி என்று இருந்தால் யாராவது வெளியே நிற்கத்தான் செய்வாங்க. அவங்க கேட்கும்போது காட்ட உங்ககிட்டே ஒரு காரணம் இருக்கணும், அவ்வளவுதான். 'டிஸ்க் பத்தலை' என்பது காரணம். 'மறந்துட்டோம்' என்பது காரணம் இல்லை.

நடையை முடிக்க நல்ல இடம், அடையாறு முகத்துவாரத்தில் இருக்கிற உடைஞ்ச பாலம். மீனவர்கள் கடந்து போகத்தான் 1967-ல் கட்டினாங்க; 1977-ல் ஆத்து வெள்ளம் நடுவில் கொண்டுபோயிடுச்சு. இன்னைக்கு வரை பாதியில் நிற்குது. நம்ம பெட்டிக்குள் இது எந்த ஓரத்தையும் தொடலை. வேலியே இல்லாத இடத்தில் ஒரு வழி முடிஞ்சு போயிருக்கு. சர்வரில் இதைக் கட்டப்போற ஆளுக்கு ஒரு வார்த்தை: அந்த இடைவெளியை நிரப்புறதா, இருக்கிறபடியே விடுறதா என்று நீங்களாக முடிவு பண்ணாதீங்க. ஊரூர் குப்பம் பக்கத்தில்தான் இருக்கு. நடந்து போய்க் கேட்டுட்டு வந்து கட்டுங்க!